சின்னம்மா தூக்கிக் கொடுத்த கடல்

லண்டனின் தோர்ண்டன் ஹீத்திலிருந்து கடற்கரை ஊரான பிரைட்டனுக்கு ரயிலில் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. அம்மா கட்டித் தந்த நாற்பது மட்டன் ரோல்ஸின் வாசனை பெட்டி முழுவதும் பரவியபோது, வேறு யாரோ கொண்டு வந்ததுபோல் நானும் திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, பிரைட்டனில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். அவருடைய மகள், எனக்குத் தங்கச்சி, பார்மசிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் படம் வரைகிறாள். வீட்டின் முன்னறையைத் திறந்துவிட்டு, தெருவில் போகிறவர்களையும் உள்ளே அழைத்துப் படங்களைக் காட்டும் வழக்கம் அந்த ஊர் ஓவியர்களுக்கு உண்டு. அன்று அவளுடைய முறை. மூன்று மணிக்குக் காட்சிக்கூடம் நடத்தும் ஒரு பெண்மணி வருவதாக இருந்தது. பிடித்தால் அவளுடைய படங்களைத் தன் சுவரில் மாட்டுவார். இல்லையென்றால் செப்டெம்பரில் திரும்பவும் பார்மசி. தாயும் மகளும் பேசி வைத்த ஒப்பந்தம் அது.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டரை. நடுச்சுவரில் ஓர் ஆணி மட்டும் இருந்தது.

"அம்மா, என்ர கடல் எங்கை?"

"அந்த நாய் கொண்டு வந்த மனுசி வடிவா இருக்கு, வடிவா இருக்கெண்டு மூண்டு தரம் சொன்னவ. வீட்டுக்கு வந்த ஆள் ஆசைப்பட்டுச் சொன்னா, குடுக்காமல் விடுறதோ? விலை வேறை கேட்டவ. எனக்கு வெக்கமாப் போச்சு."

"அம்மா! அதுதான் என்ர பெஸ்ட் படம்!"

சின்னம்மா என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீ படிச்ச பிள்ளை. அவ கடற்கரைப் பக்கம்தான் போனவ. ஓடிப்போய்ப் பதமாக் கேள்."

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். ஆகவே கவுன்சில் கடிதம் தொடங்கி ஆங்கிலத்தில் வரும் சங்கடங்கள் எல்லாம் எனக்குத்தான். தங்கச்சி என்னைவிட நன்றாக ஆங்கிலம் பேசுவாள். ஆனால் படிப்பை விட்டவள் என்பதால் கணக்கில் இல்லை.

கூழாங்கல் கடற்கரையில் ஓடுவது லேசில்லை. நல்லவேளை, அந்தப் பெண் அங்கேதான் இருந்தார். மடியில் படம், பக்கத்தில் நாய். பல்கலைக்கழகம் கற்றுத் தந்த எந்த வாக்கியமும் வாயில் வரவில்லை. உண்மையைச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "நானும் யோசித்தேன், விலை கேட்டதற்கு ஏன் கோபித்தார் என்று" என்று ஆங்கிலத்தில் சொல்லிப் படத்தைத் தந்தார். நாய்தான் உறுமியது.

மூன்று மணியாக இன்னும் இரண்டு நிமிடம். படம் ஆணியில் ஏறியது.

"குடுத்ததைத் திருப்பி வாங்கிப்போட்டு வாறாய். அவ என்ன நினைப்பா?" என்றார், ஓடச் சொன்ன அதே சின்னம்மா.

"நீங்கள் ஒருநாளும் வடிவெண்டு சொல்லேல்லையே, அம்மா" என்றாள் தங்கச்சி.

"வடிவில்லாததை ஆருக்கும் தூக்கிக் குடுப்பனோ?"

தங்கச்சி படத்தை ஆணியில் நேராக்கினாள். வாசல் மணி அடித்தது.

காட்சிக்கூடப் பெண்மணி கடலின் முன்னால் நெடுநேரம் நின்றார். பிறகு, "பியூட்டிஃபுல்" என்றார்.

சின்னம்மாவின் கை படத்தைக் கழற்ற மெல்ல உயர்ந்தது. தங்கச்சி பாய்ந்து படத்தை மறைத்து நின்றாள். நான் ரோல்ஸ் தட்டைச் சின்னம்மாவின் கையில் திணித்தேன்.

பெண்மணி ஒரு ரோல்ஸைக் கடித்துக்கொண்டே, இந்தக் கடலோடு இன்னும் மூன்று படங்களைத் தன் கூடத்துக்குத் தர முடியுமா என்று கேட்டார். நான் தமிழில் சொன்னேன்.

சின்னம்மா என்னை முறைத்தார். "பாத்தியே? இவவும் கேக்கிறா. இவவுக்கு மட்டும் குடுக்கலாமோ?"