செம்பு முகமூடிக்காரனின் குரல்

மே மாதம் பதினெட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி ஐந்து நிமிடம். காற்று என்பதே இல்லை. கோட்டை மலைகள் மூன்றும் வெயிலில் வெளிறிப்போய்க் கிடந்தன. நான் வீட்டு வாசலில் நின்று, நயினாரின் மொபெட் தெருமுனையில் திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை. தண்ணீர்த் தொட்டிக்கும் மின்கம்பத்துக்கும் நடுவே எட்டடி இடம் இருக்கிறது. அவர் தொட்டியை உரசிக்கொண்டு வந்தார்.

நயினார் மேல்சித்தாமூர்ப் பக்கத்துச் சமணக் குடும்பம். கடைத்தெருவில் நாற்பது வருடம் பருப்பும் எண்ணெயும் விற்றார். நான் நெல் ஏலம் விடும் கமிட்டியில் மூட்டை எண்ணும் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். ஊரில் எல்லாரும் அவரை நயினார் என்றே கூப்பிடுவார்கள். அவர் மட்டும் என்னைக் கிளார்க்கு என்று கூப்பிடுவார்.

அவருக்குக் கண் மங்கிக்கொண்டே வருகிறது, அதை மறைக்கிறார் என்று ஒரு மாதமாக எனக்குச் சந்தேகம். ரேஷன் கடை வரிசையில் என் முகத்துக்கு நேரே பார்த்துவிட்டுப் பேசாமல் போனார். முதலில், என் மேல் ஏதோ கோபம் என்று நினைத்தேன். யார் என்ன மூட்டிவிட்டார்கள் என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு, கையில் கடிகாரம் கட்டியிருந்தும் என்னிடம் மணி கேட்டார். சமணர் வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். ஆறு மணிக்குச் சாப்பிடுகிற மனிதர், இப்போதெல்லாம் நான்கரைக்கே இலை போட்டுவிடுகிறார். கேட்டால், "பசிக்குதுயா" என்பார். வெளிச்சம் இருக்கிறதா போய்விட்டதா என்பது அவருக்கு நிச்சயமாகத் தெரியவில்லை, அதனால்தான் முந்திக்கொள்கிறார் என்பது என் கணிப்பு.

அவர் மகன் தாம்பரத்தில் இருக்கிறான். போன பொங்கலுக்கு வந்தபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சார், நைனாவுக்குப் பார்வை கொறஞ்சா எனக்கு ஒரு போன் போடுங்க. வண்டிய வித்துட்டு இட்டுனு போயிடறேன்" என்று சொல்லி நம்பர் கொடுத்தான். நயினார் தாம்பரத்தில் மூன்றாவது மாடியில் உட்கார்ந்திருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆனால் மொபெட்டில் அவர் பின்னால் உட்காருவதையும் இனிமேல் நினைத்துப் பார்க்க முடியவில்லை. உறுதியாகத் தெரியாமல் போன் போடக் கூடாது. அதற்காகத்தான் சினிமாவுக்கு வரச் சொன்னேன்.

சினிமா என்றால் செம்பு முகமூடிக்காரன் படம். வெளிநாட்டுப் படம், தமிழில் பேசுவது. இருபது வருடத்துக்கு முன்னால், கேபிளில் அது முதல்முதலாக வந்த ஞாயிற்றுக்கிழமை நயினார் கடையில் உட்கார்ந்து பார்த்தோம். மின்னல் விழுந்து சக்தி வந்த ஒருவன், பச்சைச் சட்டையும் செம்பு நிற முகமூடியும் தானே தைத்துப் போட்டுக்கொண்டு ஊரைக் காப்பாற்றுகிறான். தையல் மிஷினில் அவனே உட்கார்ந்து தைக்கும் காட்சிக்காகவே நயினார் அந்தப் படத்தை விரும்பினார். "ஒழைக்கிறவன்யா. எவனோ தெச்சுக் குடுத்தத போட்டுக்கினு பறக்கல" என்பார். அவனுக்குத் தமிழில் குரல் கொடுத்தவர் யாரென்று எங்களுக்குத் தெரியாது. கரகரப்பான, அவசரப்படாத குரல். "ஊருக்கு ஒண்ணுன்னா எனக்குத் தூக்கம் வராது" என்று அந்தக் குரல் சொன்னால், கடையில் பருப்பு வாங்க வந்தவர்கள்கூட நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். அந்தப் படத்தை இருபத்தாறு தடவை பார்த்திருக்கிறோம்.

அதற்குப் பிறகு வேறொரு நடிகனை வைத்து மறுபடியும் முதலிலிருந்து எடுத்தார்கள். இப்போது மூன்றாவது ஆள். இந்தப் படக் கம்பெனிக்காரர்களை நான் நம்புவதில்லை. ஒரே மனிதன் தலையில் எத்தனை தடவைதான் மின்னல் விழும்? நல்லதாக இருந்ததை எதற்குத் திரும்ப எடுக்கிறார்கள்? நாம் செத்துப்போய்விட்டோம் என்று நினைத்துக்கொள்கிறார்களா? சுவரொட்டியைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது. பச்சை நிறமே இல்லை. தலை முதல் கால் வரை கறுப்பு ரப்பர்.

அந்தக் கறுப்புதான் என் பொறி. கண் தெரிந்தால் பச்சைச் சட்டை எங்கே என்று நயினார் சண்டைக்கு வருவார். வராவிட்டால் போன்.

"ஏறுயா கிளார்க்கு. டைட்டில் போட்டுடுவான்."

"நடந்தே போலாம் நயினாரே. மூணு தெருதானே."

"இன்னா, என் வண்டி மேல ஒனக்கு நம்பிக்கை இல்லியா?"

"வண்டி மேல இருக்குது."

அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு சிரித்துவிட்டு, எனக்குப் பக்கத்திலேயே மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார். நான் நடந்தேன். கல்யாண ஊர்வலத்தில் குதிரைக்குப் பக்கத்தில் நடப்பவன் போல இருந்தது எனக்கு.

தியேட்டரில் ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்தோம். அதற்குமுன் சுவரொட்டியின் எதிரே அவரைக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"எப்படி இருக்குது?"

"பழசுதான் கெத்து."

இதில் எதையும் கண்டுபிடிக்க முடியாது. கள்ளத்தனமான பதில். சுவரொட்டியைப் பார்க்காமலே யாரும் சொல்லக்கூடியது.

படம் ஆரம்பித்தது. மூன்றாவது தடவையாக மின்னல் விழுந்தது. தையல் மிஷின் இல்லை. ஏதோ ஆய்வுக்கூடத்தில் ஒரு யந்திரம் இரண்டு நொடியில் சட்டையை அவன் மேல் ஊற்றியது. நான் நயினாரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் பெயருக்குக்கூட முகம் சுளிக்கவில்லை. பழைய படத்தில் ரயிலை நிறுத்தும் சண்டையில் பதினோரு குத்து, ஒவ்வொன்றும் நமக்கே வலிக்கும். இதில் நாற்பத்தேழுக்கு மேல் எண்ண முடியாமல் விட்டுவிட்டேன். யாருக்கும் ஒரு பொட்டு ரத்தம் வரவில்லை. புதுப்பையன் குரல் வேறு. இளசு. மூக்கால் பேசினான். நயினார் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, எதற்கோ காத்திருப்பவர் போல உட்கார்ந்திருந்தார்.

மூன்றே கால் மணி இருக்கும். திரையில் ஒரு பெரிய கதவு திறந்தது. உள்ளே நாற்காலியில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். மொட்டைத் தலை, ஒரு பக்கம் முழுவதும் தீக்காயம். ஊரையே கொளுத்தப்போகிற வில்லன். அவன் வாயைத் திறந்தான்.

அந்தக் குரல்.

கரகரப்பான, அவசரப்படாத, இருபது வருடமாக எங்களுக்குத் தெரிந்த குரல். கம்பெனிக்காரர்கள் அதைக் கொண்டுபோய் வில்லனுக்குக் கொடுத்துவிட்டார்கள். வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள், சந்தேகமே இல்லை என்று நினைத்து முடிப்பதற்குள் பக்கத்தில் கைதட்டல் கேட்டது.

நயினார் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். இரண்டு விரலை வாயில் வைத்து விசில் வேறு.

"வந்துட்டான்யா! நம்ம ஆளு வந்துட்டான்!"

தியேட்டரே திரும்பிப் பார்த்தது. முன்வரிசையில் கல்லூரிப் பையன்கள் நாலு பேர்.

"தாத்தா, அது வில்லன்!"

"உடுடா, தாத்தா வில்லனுக்கு மன்றம் வெச்சிருக்காரு போல."

"பெருசு, ஒக்காரு. மறைக்குது."

சிரிப்பு பின்வரிசை வரைக்கும் போய்த் திரும்பியது. நான் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். அவர் உட்கார்ந்தார். திரையில் புதுப்பையன் அந்த மொட்டைத் தலையனை முகத்தில் குத்தினான். அந்தக் குரல் வலியில் கத்தியது. நயினார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இடைவேளையில் விளக்கு போட்டார்கள். பொறியில் சிக்கிவிட்டார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இருந்தாலும் கேட்டேன்.

"நம்ம ஆளு இன்னா கலர் சட்டை போட்டிருந்தான், நயினாரே?"

"பச்சை. எப்பவும் போல."

"இந்தப் படத்துல பச்சையே கெடையாது."

நான் வாங்கிக் கொடுத்த சோளப்பொரியை ஒவ்வொன்றாகத் தடவி எடுத்துத் தின்றார். பாதிப் பொட்டலம் முடிந்தபிறகு மெதுவாகச் சொன்னார்.

"அந்தக் கொரலு அவன்துதானே? அதுலயாவது நான் தப்பா சொல்லல இல்ல?"

"கொரலு அவன்துதான். ஆளு வேற."

"எங்க நைனாவுக்கும் இப்படித்தான் போச்சு. மொதல்ல பனி மாதிரி. அப்புறம் ஒண்ணும் இல்ல. திரும்பி வரவே இல்ல." பொட்டலத்தை மடித்து என்னிடம் கொடுத்தார். "பையன்கிட்ட சொல்லிடுவியா?"

எனக்கு யாரையும் சட்டென்று நம்பும் பழக்கம் இல்லை. டாக்டர்களைச் சுத்தமாக இல்லை. ஆனால் பனி மாதிரி என்றதும், அவலூர்பேட்டையில் என் மச்சினனுக்கு அப்படி வந்து, கண்புரை எடுத்தபின் அவன் இப்போது பேப்பர் படிக்கிறான் என்பது ஞாபகத்துக்கு வந்தது.

"நாளைக்கு எங்கூடப் பாண்டிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தா சொல்ல மாட்டேன். வரலைன்னா இப்பவே போடறேன்" என்று போனை எடுத்துக் காட்டினேன்.

"அதை எதுக்கு என் கண்ணு முன்னாடி ஆட்டற? எனக்குத் தெரியாதுன்னு இப்பத்தானே கண்டுபிடிச்ச" என்றார். அன்று முதல்முறையாக இருவரும் சிரித்தோம்.

மீதிப் படத்தைப் பார்க்கவில்லை. வெளியே வெயில் அப்படியே இருந்தது. அவர் மொபெட்டைக் கிளப்பவில்லை. வண்டியை நடுவில் விட்டு, ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தள்ளிக்கொண்டு வீடு வந்தோம். மணி நாலே கால். "சாப்புட இன்னும் நேரம் இருக்குதா?" என்று கேட்டார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது என்றேன். அன்று அவர் ஆறு மணிக்குச் சாப்பிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து மேற்கே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் புதுச்சேரியில் டாக்டரம்மா இரண்டு கண்ணிலும் விளக்கடித்துப் பார்த்தார். புரை நன்றாகப் பழுத்துவிட்டது, எடுத்தால் தெரியும், அப்பாவுக்கும் இதுவாகவே இருந்திருக்கலாம் என்றார். பஸ்ஸில் திரும்பும்போது, திண்டிவனம் தாண்டியபின், மகனுக்கு நயினாரே போன் போட்டார். நான் சொல்லவே இல்லை. அது முக்கியம்.

மகன் காரில் வந்தான். வியாழக்கிழமை வலது கண் ஆபரேஷன் முடிந்தது. நான்கு நாள் இருந்துவிட்டு, வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனான். இன்னொரு கண்ணும் முடிந்ததும் சாவி திரும்பி வரும் என்று பேச்சு. தாம்பரம் என்ற சொல்லை அவன் எடுக்கவில்லை. எடுப்பானோ என்று நான்கு நாளும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் போன மறுநாள் நயினார் கறுப்புக் கண்ணாடியோடு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். பழைய படத்தைப் போட்டுப் பார்க்க வேண்டுமாம். இருபத்தேழாவது தடவை. பச்சைச் சட்டைக்காரன் கட்டடத்திலிருந்து எழும்பிப் பறந்தான். நயினார் முன்னால் குனிந்தார்.

"யோவ் கிளார்க்கு. முதுகுல கயிறு தெரியுதுயா."

"தெரியுது."

"அக்குள்ல தையல் பிரிஞ்சிருக்குது. இதெல்லாம் மொதல்லயே இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"ஒனக்குத் தெரியுமா?"

"மூணு எடத்துல கயிறு தெரியும்."

"இருபது வருஷமா ஏன் சொல்லல?"

நல்ல கேள்வி. எல்லாவற்றையும் எண்ணுகிறவன் நான். அந்தக் கயிற்றையும் எண்ணித்தான் வைத்திருந்தேன். சொன்னால் அவர் படத்தை நிறுத்திவிடுவாரோ என்ற பயம். அதைச் சொல்லாமல், "கயிறு இல்லாம எவன்யா பறப்பான்" என்றேன்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்தப் புதுசு இன்னும் ஓடுதா?"

எனக்குத் திக்கென்றது. பழைய படத்துக்கு இந்த ஊரில் மிச்சமிருந்த ஆள் நாங்கள் இருவர்தான். ஆபரேஷனில் அவரையும் கட்சி மாற்றிவிட்டார்களோ என்று தோன்றியது.

கடைசி வாரம், ஒரே காட்சிதான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் போனோம். அதே ஐந்தாவது வரிசை. நயினார் சுவரொட்டியில் தொடங்கி எல்லாவற்றையும் பார்த்தார். கறுப்பு ரப்பரைத் திட்டினார். யந்திரம் சட்டையை ஊற்றியபோது, "சோம்பேறிப் பய" என்றார். ஆனால் நெருப்பு, கட்டடம், வானம் எல்லாம் வந்தபோது வாயைத் திறந்தபடி இருந்தார். "நல்லாத்தான்யா எடுத்திருக்கான்" என்று என் பக்கம் சாய்ந்து ஒப்புக்கொண்டார்.

பெரிய கதவு திறந்தது. மொட்டைத் தலையன் வாயைத் திறந்தான். நயினார் எழுந்திருக்கவில்லை. கைதட்டவில்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். அவன் பேசி முடிக்கும்வரை அப்படியே சிரித்த முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கண்ணைத் திறந்து, அவன் அடிவாங்குவதைப் பார்த்தார். அடுத்த தடவை அவன் பேசியபோது நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.

இரண்டு தடவை டிக்கெட், சோளப்பொரி, பாண்டிக்குப் பஸ், அங்கே சாப்பாடு, ஆட்டோ, எல்லாம் சேர்த்து என் கையிலிருந்து போனது ஆயிரத்து இருநூற்று அறுபத்திரண்டு ரூபாய்.