இடது பக்கம் சொன்னவை

அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அப்பா ஒருவர்தான், ஆனால் பக்கம் இரண்டு. வலது பக்கம் போனால் கேட்கிற அப்பா, இடது பக்கம் போனால் கேட்காத அப்பா. பீரங்கிப் படையில் இருந்த காலத்தில் பக்கத்தில் குண்டு விழுந்து அவருடைய இடது காது போய்விட்டது. அதைப் பற்றி அவர் வாழ்நாளில் பேசியதையெல்லாம் சேர்த்தாலும் இரண்டு வரி தேறாது. "இடது பக்கம் நின்னவன் போயிட்டான். எனக்குக் காதோட நின்னுச்சு." அதற்கு மேல் யாராவது தோண்டினால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவார்.

படையிலிருந்து வந்தவர் மரம் அறுக்கும் ஆலையில் சேர்ந்தார். காலையில் பெரிய ரம்பம் ஓட ஆரம்பித்தால், மாலை மோட்டாரை அணைக்கும்வரை பக்கத்தில் நிற்பவன் கத்துவதுகூடக் கேட்காது. மற்றவர்கள் இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டார்கள். இவர் வலதில் மட்டும் வைத்துக்கொண்டார். "மிச்சம் இருக்கிறது ஒண்ணு. அதைப் பத்திரமா வீட்டுக்குக் கொண்டுபோகணும்" என்பார். ஆலையில் அவருக்குப் பீரங்கி என்று பெயர். பட்டாளத்தில் இருந்ததற்காக வைத்த பெயர் அல்ல, பேசுகிற சத்தத்துக்காக வைத்தது. ரகசியம் சொல்கிறேன் என்று அவர் குனிந்து ஆரம்பித்தால், தெருக்கோடிக் கடைக்காரர் அங்கிருந்தே பதில் சொல்வார்.

வீட்டுக்குக் கொண்டுவந்த அந்த ஒற்றைக் காதை அவர் தனக்காக வைத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகள் கைக்குழந்தைகளாக இருந்தபோது, இடது காதைத் தலையணையில் அழுத்தி, வலது காது மேலே இருக்கும்படி ஒருக்களித்துத்தான் படுப்பார். குழந்தை சிணுங்கினால் முதலில் எழுந்திருப்பது அவர்தான். "ரெண்டு காது இருக்கிற எனக்குக் கேக்காது, இந்த மனுஷனுக்கு எப்படித்தான் கேக்குமோ" என்று அம்மா அங்கலாய்ப்பாள். பிள்ளைகள் வளர்ந்து ஆளுக்கொரு பக்கம் போன பிறகும் அவர் அப்படியேதான் படுத்தார். இனி யார் அழப்போகிறார்கள் என்று கேட்டால், பழகிவிட்டது என்பார்.

இடது காதுக்குப் பிள்ளைகள் தனி உபயோகம் கண்டுபிடித்திருந்தார்கள். இளையவனான தம்பி பந்தடித்துப் பக்கத்து வீட்டு ஜன்னலை உடைத்த அன்று, அப்பாவின் இடது பக்கம் போய் நின்று வாய்க்குள்ளேயே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டு, பாரம் இறங்கியவனாகச் சாப்பிட உட்கார்ந்தான். சொல்லியாயிற்று, கேட்காதது அவன் குற்றமா? பரீட்சையில் கோட்டைவிட்டதும் அங்கேதான் சொல்லப்பட்டது. ஒருவரை எனக்குப் பிடித்திருக்கிறது, அவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று மூத்த மகள் முதன்முதலில் சொன்னதும் அந்தக் காதில்தான். பிறகு அம்மாதான் வலது பக்கம் போய் விஷயத்தை உடைத்துக் கல்யாணத்தை முடித்துவைத்தாள்.

அம்மா மட்டும் இடது பக்கம் போனதே கிடையாது. "எனக்கென்ன ஒளிவுமறைவு? திட்டுறதை மூஞ்சிக்கு நேரா திட்டிட்டுப் போறேன்" என்பாள். திட்டவும் செய்தாள். "நீங்க போய்ச் சேந்தாத்தான் நான் நிம்மதியா காலை நீட்டிப் படுப்பேன்" என்று அவள் வலது காதில் கத்தினால், அவர் தெரு அதிரச் சிரிப்பார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுத் துணி அத்தனையும் இஸ்திரி போடுவார். மேசையில் பழைய போர்வையை நான்காக மடித்து விரித்து, வலது பக்கம் ரேடியோவை வைத்துக்கொள்வார். மகள் கல்யாணமாகிப் போன பிறகும், மாதம் ஒரு தரம் வரும்போது கணவனின் சட்டைகளைப் பையில் திணித்துக் கொண்டுவர வேண்டும் என்பது அவர் கட்டளை. "மாப்பிள்ளை சட்டைக்கு என் கை பட்டாத்தான் மடிப்பு நிக்கும்" என்று பெருமை வேறு. அவள் உள்ளே வந்ததும் ரேடியோவை அணைத்துவிட்டு, ஒரு ஸ்டூலை வலது பக்கமாக இழுத்துப் போடுவார்.

தானே பார்த்துக் கட்டிக்கொண்ட அந்தக் கணவன் இரண்டு வருடங்களுக்கு முன்னால் அவளை விட்டுவிட்டுப் போனான். பீரோவில் இருந்ததையெல்லாம் வாரிக்கொண்டு போனவன், இரண்டு சட்டைகளை மட்டும் மறந்துவிட்டான். ஒன்று நீலக் கட்டம் போட்டது, இன்னொன்று சாம்பல் நிறம். அந்த மாதமும் அவள் அப்பா வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. வெறும் கையோடு போனால் கேள்வி வரும். இரண்டையும் நனைத்துப் பிழிந்து, கசக்கிக் காயவைத்து, பையில் போட்டு எடுத்துப் போனாள்.

அப்பா வழக்கம்போல ஸ்டூலை இழுத்துப் போட்டார். "மாப்பிள்ளை எப்படிம்மா இருக்கார்?"

"நல்லா இருக்கார்ப்பா. வேலை ஜாஸ்தி" என்று வலது காதில் உரக்கச் சொன்னாள். பிறகு ஸ்டூலை இடது பக்கம் நகர்த்திக்கொண்டு உட்கார்ந்து, "அவர் போயிட்டார்ப்பா. இனிமே வர மாட்டார்" என்று முணுமுணுத்தாள். அவர் நீலக் கட்டத்தின் காலரை நீவிக்கொண்டிருந்தார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் அதே இரண்டு சட்டைகள்தான். அவர் ஸ்டூலை வலது பக்கம் போடுவார், அவள் இடது பக்கம் இழுத்துக்கொள்வாள். தனியாகச் சாப்பிடுவது, அக்கம்பக்கத்தார் வாய்க்குப் பயந்து மாடிப்படியில் பதுங்கிப் போவது, ஒரு நாள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதது, எல்லாவற்றையும் அந்தக் காதில் கொட்டினாள். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. எப்போதோ ஒரு கட்டத்தில் அப்பா மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டார். வயதாகிறது, மறதி என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பிறகு அப்பாவுக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது. ஆலையில் பல வருடம் மரத்தூளைச் சுவாசித்த நெஞ்சு. ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாளே டாக்டர் தம்பியை வெளியே அழைத்து, பார்க்க வேண்டியவர்களை வந்து பார்த்துவிட்டுப் போகச் சொல்லுங்கள் என்றார். தம்பி வந்து, "அக்கா, அத்தானுக்குச் சொல்லியாச்சா?" என்று கேட்டான். "வருவார்" என்றாள் அவள். சொன்ன வாயைக் கிழித்துக்கொள்ளலாம் போல இருந்தது. பொய்யையெல்லாம் கேட்கிற காதில் சொல்லிவிட்டு, உண்மையையெல்லாம் கேட்காத காதில் கொட்டியாகிவிட்டது. மனுஷன் அந்தப் பொய்யோடு போய்விடக் கூடாது. எப்படியாவது ஒரு தரம் அந்த வலது காதில் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் அவரைப் போட்டிருந்த கட்டில் வலது பக்கம் சுவரை ஒட்டி இருந்தது. "கட்டில் எல்லாமே அப்படித்தாம்மா. திருப்பிப் போட்டா ஆக்சிஜன் குழாய் எட்டாது" என்றாள் நர்ஸ். அம்மா கால்மாட்டில் நின்று கத்திப் பார்த்தாள். அவர் கண்ணைத் திறந்து, ஒன்றும் புரியாமல், மரியாதைக்குச் சிரித்தார். அந்தச் சிரிப்பை மகளால் பார்க்க முடியவில்லை.

வார்டு பெருக்க வந்த அம்மாள்தான் சாயங்காலம் வழி சொன்னாள். "சக்கரத்துல பூட்டு இருக்கு, காலால தட்டிவிடு. நர்ஸ் வர்றதுக்குள்ள கொஞ்சம் இழுத்துக்கலாம், குழாய் தாங்கும்." இருவருமாக இழுத்ததில் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையும் அளவுக்கு இடைவெளி கிடைத்தது. அம்மாவும் தம்பியும் மருந்து வாங்கப் போயிருந்தார்கள். மகள் முதுகு சுவரில் உரச உள்ளே புகுந்து, முழங்காலை மடக்கி, அந்தக் காதருகே குனிந்தாள்.

"அப்பா. அவர் என்னை விட்டுட்டுப் போயிட்டார்ப்பா. ரெண்டு வருஷமாச்சு."

அவர் தலையைத் திருப்பவில்லை. ஆக்சிஜன் முகமூடிக்குள் மூச்சு ஏறி இறங்கியது. கேட்கவில்லையோ என்று மறுபடி வாயெடுத்தபோது அவர் கை உயர்ந்து அவள் தலையில் விழுந்தது.

"தெரியும்மா" என்றார். பீரங்கியின் குரல் காற்றாகிவிட்டிருந்தது. "அதே ரெண்டு சட்டை. காலர்ல புது அழுக்கே ஏறல. தேய்க்கிறவனுக்குத் தெரியாதா?"

"அப்ப ஏம்பா கேக்கல?"

அடுத்த பேச்சுக்கு அவர் மூச்சைச் சேர்க்க வேண்டியிருந்தது. "நீ அந்தப் பக்கமே போய் உக்காந்த. சொல்ல இஷ்டமில்ல போலன்னு விட்டுட்டேன். நான் ஸ்டூலை இந்தப் பக்கம்தான் போட்டேன்."

அவள் சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் அப்படியே அழுதாள். அவர் இரண்டு வருடம் மாதம் தவறாமல் ரேடியோவை அணைத்துவிட்டு, காதைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார். பக்கத்திலேயே இருந்த ஆறுதலை அவள் தன் கையாலேயே தள்ளி வைத்திருக்கிறாள். நர்ஸ் வந்து சத்தம் போடும்வரை அப்பாவின் கை அவள் தலையிலேயே இருந்தது.

மறுநாள் மதியம் அவர் போய்விட்டார்.

முன்னறையில் அவரை மல்லாத்திக் கிடத்தியிருந்தார்கள். அந்த வீட்டில் அவர் ஒரு நாளும் அப்படிப் படுத்ததில்லை. மரத்தூள் ஒட்டிய சட்டையோடு ஆலைக்காரர்கள் வந்து நின்றார்கள். உறவுக்காரர் ஒருவர் "மாப்பிள்ளை எங்கே, காணோமே?" என்று கேட்டார். "அவர் என்னோட இல்ல. போய் ரெண்டு வருஷமாச்சு" என்றாள் மகள், எல்லோருக்கும் கேட்கும்படி. அம்மா நிமிர்ந்து பார்த்தாள். வியப்பு எதுவும் அந்த முகத்தில் இல்லை. மகளின் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள்.

கூட்டம் கொஞ்சம் வெளியே போனதும், அம்மா அவருடைய வலது காதருகே குனிந்து, வழக்கமான சத்தத்தில் சொன்னாள்: "இவளை நான் பாத்துக்கிறேன். எனக்கு ஒண்ணும் இல்ல, நான் நல்லாத்தான் இருப்பேன். நீங்க கவலைப்படாமப் போங்க."

சொல்லிவிட்டுத் தரையில் கையூன்றி எழுந்தாள். அவர் கால்மாட்டைச் சுற்றிக்கொண்டு மெல்ல நடந்து, இடது பக்கம் போய் உட்கார்ந்தாள். காதோடு வாயை வைத்து ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். உதடுகள் மட்டும் அசைந்தன.

வண்டி வந்துவிட்டது என்று சொல்ல உள்ளே வந்த தம்பியை மகள் கையைக் காட்டி நிறுத்தினாள். "இருடா, அம்மா பேசி முடிக்கட்டும்."