மணல் குளியலுக்கு முன்பதிவு

அமெரிக்காவில், ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில் நூர் அகமதுவை வீட்டுக்குக் கூப்பிட்டவர்கள் எல்லோருக்கும் ஒரு விஷயம் தெரியும். மனுஷன் பிரியாணித் தட்டைத் தொடுவதற்கு முன்னால் ஸ்டூல் போட்டு ஏறிப் புகை அலாரத்தை அமுக்கிப் பார்ப்பார். எண்ணெய்க் குழாய் கம்பெனியில் எது எங்கே வெடிக்கும் என்று யோசிப்பதற்காகவே காலமெல்லாம் சம்பளம் வாங்கியவர். ரிட்டையர் ஆன அன்று கம்பெனி அவருடைய அடையாள அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டது. யோசனையை மட்டும் அவரிடமே விட்டுவிட்டது.

இப்பேர்ப்பட்ட ஆளுக்கு, போன வருஷம்தான் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவருக்கு, மகள் ரிதா ஜப்பான் டிக்கெட் வாங்கிக் கொடுத்தாள். அதுவும் தெற்கே ககோஷிமாவுக்கு. அந்த ஊருக்கு எதிரே, கடலைத் தாண்டினால் சகுராஜிமா என்ற எரிமலை. பெயருக்கு எரிமலை இல்லை, நிஜமாகவே புகைந்துகொண்டிருப்பது.

"ஏம்மா, வேற எடமே கெடைக்கலியா?" என்று கேட்டார்.

"வாப்பா, ரிலாக்ஸ். உம்மா பிக்ட் இட்" என்றாள் ரிதா.

உம்மா என்றால் தாஜ் நிஷா. டேகேரில் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து உட்கார்ந்து இரண்டு முழங்காலையும் தொலைத்தவள். ககோஷிமாவுக்குத் தெற்கே இபுசுகி என்று ஒரு கடற்கரை இருப்பதையும், பூமியின் சூட்டில் வெந்த கறுப்பு மணலில் ஆளைப் படுக்க வைத்துக் கழுத்துவரை மூடுவார்கள் என்பதையும் அவள் வீடியோவில் பார்த்துவிட்டாள். ஜப்பான் வெந்நீர்க் குளங்களில் உடுப்பில்லாமல் இறங்க வேண்டும், அந்தப் பேச்சுக்கே இடமில்லை. மணல் குளியல் அப்படி இல்லை, பருத்தி அங்கி கொடுக்கிறார்கள்.

"அங்கி மூடுது, அதுக்கு மேல மணலும் மூடுது. இதவிட என்ன பர்தா வேணும்?" என்றாள்.

இதய நோயாளிகள் படுக்கக்கூடாதாம். அதனால் அவளுக்கு மட்டும் முன்பதிவு செய்தார்கள்.

நூர் அகமது தினமும் சாயங்காலம், ஜப்பானில் விடிகிற நேரத்துக்கு, அஸர் தொழுதுவிட்டு எரிமலையின் நேரலை கேமராவைத் திறந்துவைத்துக்கொள்வார். புகை கொஞ்சம் தடித்தால் அன்றைக்குச் சாயா இறங்காது. சாம்பலுக்கு முகமூடி வாங்கினார், கண்ணுக்குக் கண்ணாடி வாங்கினார், கடைசியில் இரண்டு ஹெல்மெட்டையும் வாங்கிப் பெட்டியில் வைத்தார்.

"மல உச்சிக்கா போறோம்? படகுல போயி பாத்துட்டு வரப்போறோம். அந்த ஊரு புள்ளைங்க டெய்லி ஸ்கூலுக்குப் போயிட்டு வருது" என்று சிரித்தாள் தாஜ்.

அவள் சிரிக்கும்வரை அவருக்கும் பரவாயில்லை. உண்மையான அடி ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் பார்க்கிங்கில் விழுந்தது. நண்பர் ஷாஹுல்தான், சமோசாவைக் கடித்துக்கொண்டே சொன்னார்.

"ஜப்பானா பாய்? சூப்பர் கன்ட்ரி. ஆனா ஒண்ணு, அங்க மௌத்தானா எரிக்கிறதுதான் வழக்கமாம். நம்மாளுங்கள அடக்க கபரஸ்தான் கெடைக்கிறது ரொம்ப கஷ்டமாம். இன்ஷா அல்லாஹ், நீங்க என்ஜாய் பண்ணிட்டு வாங்க."

சொல்லிவிட்டு அவர் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். புண்ணியவானுக்கு அது ஒரு தகவல். நூர் அகமதுவுக்கோ ஸ்டென்ட் வைத்த இடத்தில் யாரோ உட்கார்ந்துகொண்ட மாதிரி இருந்தது.

எரிமலை மறந்தே போனது. அவருடைய பயம் இப்போது ஒன்றே ஒன்று. நெஞ்சு அங்கே நின்றுவிட்டால் தன்னை எரித்துவிடுவார்களோ? ஹூஸ்டன் பக்கத்து முஸ்லிம் அடக்கஸ்தலத்தில் தனக்கும் தாஜுக்கும் பக்கத்துப் பக்கத்தில் இடம் பிடித்து வைத்தவர் அவர். மற்றவர்கள் பார்க்கிங்குக்குக் காட்டும் கவனத்தை அதில் காட்டியவர். மண்ணுக்கு இவ்வளவு முன்னேற்பாடு செய்துவிட்டு நெருப்புக்குப் போவதா?

பயண இன்சூரன்ஸுக்கு போன் போட்டார். உடலைக் கொண்டுவந்து சேர்ப்போம், எவ்வளவு நாளாகும் என்று மட்டும் சொல்ல முடியாது என்றாள் அங்கிருந்த பெண். உடனே அடக்க வேண்டிய மையித்தைக் காக்க வைப்பதா? "ஹேவ் எ வண்டர்ஃபுல் ட்ரிப் சார்" என்று சொல்லித்தான் அவள் வைத்தாள்.

கடைசியில், ககோஷிமா பக்கத்தில் உள்ள ஒரு சிறிய பள்ளிவாசலின் நம்பரைத் தேடிப் பிடித்தார். வீட்டில் பேசினால் தாஜ் காதில் விழுமே. காய்கறி வாங்கப் போன இடத்தில், கடை வாசலில் காரை நிறுத்திக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் பேசினார். எடுத்தது ஓர் இந்தோனேசியத் தம்பி. ஸலாம் சொல்லி முடித்ததும் நேரே விஷயத்துக்கு வந்தார். ஒருவரை உங்கள் பக்கம் அடக்கம் செய்ய இடம் கிடைக்குமா?

"இன்னா லில்லாஹி" என்று, மௌத்துச் செய்தி கேட்டவனாகப் பதறினான் தம்பி. "யாருக்கு?"

"எனக்குத்தான்."

இன்னும் ஆகவில்லை, அடுத்த மாதம் வருகிறேன், நெஞ்சில் கோளாறு என்று விளக்கினார் நூர் அகமது. விளக்க விளக்க விஷயம் இன்னும் மோசமாகிக்கொண்டே போனது. விசாரித்துச் சொல்கிறேன் என்று அழாத குறையாகச் சொல்லிப் போனை வைத்தான் தம்பி.

மறுநாள் அந்தி சாய்ந்ததும் அவர் மஃக்ரிப் தொழப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். ஒருமுறை தொழுகை நடுவே மணியடித்து மானம் போனதிலிருந்து போனை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போவார். அதை மறந்து அந்தத் தம்பிக்குத் தன் நம்பரைக் கொடுத்திருந்தார், பெரிய பாதுகாப்பு நிபுணர்!

திரும்பி வந்தபோது தாஜ் சோபாவில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் எதுவும் இல்லை.

"ஜப்பான்லேருந்து ஒரு தம்பி பேசுச்சு" என்றாள். "சிஸ்டர், உங்க ஹஸ்பண்டுக்காக எல்லாரும் துஆ பண்றோம். கொஞ்சம் தூரத்துல அவருக்கு ஒரு எடம் கெடைக்கும் போல, கவலப்படாதீங்கன்னு சொல்லுச்சு. டாக்டர் ஒங்க கிட்ட ஏதோ சொல்லிட்டாரு, நீங்க மறைக்கிறீங்கன்னு எனக்கு உசுரே போயிருச்சுங்க."

"இல்ல தாஜ், டாக்டர் ஒண்ணும் சொல்லல. சும்மா ஒரு சேஃப்டிக்கு..."

"சேஃப்டியா! ஒங்களுக்குக் கபர் தேடுறது சேஃப்டியா?"

கத்தினாள். பிறகு அழுதாள். பிறகு அவரையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் கேட்டாள். ஷாஹுல், எரிப்பது, இன்சூரன்ஸ் என்று அவரும் ஒன்றுவிடாமல் சொன்னார். சொன்னதும் நெஞ்சு லேசானது. பழைய தெம்பு கூட வந்துவிட்டது. இடம் கிடைத்துவிட்டதே, இனி நிம்மதியாகப் போகலாம் என்றார்.

தாஜ் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு?"

"ஒனக்கு என்ன?"

"எனக்கு அங்க மௌத்தானா? எனக்குக் கேட்டீங்களா?"

நூர் அகமது கேட்கவே இல்லை. எங்கே எது உடையும் என்று இத்தனை காலம் கணக்குப் போட்ட மனுஷனுக்கு அது ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. செத்துப் போவது தன் வேலை, அழுவது அவள் வேலை என்று எப்போதோ முடிவு செய்துவைத்திருந்தார் போலிருக்கிறது.

"எனக்கு அங்க ஆச்சுன்னா அங்கயே அடக்கிடுங்க. காக்க வைக்காதீங்க" என்றாள் தாஜ், ஏதோ குழம்புக்குப் புளி போதும் என்று சொல்கிற மாதிரி.

"அப்ப நான்?"

"நீங்க வீட்டுக்கு வாங்க."

அவர் வீட்டைப் பார்த்தார். சோபாவைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், கதவோரம் கிடந்த அவளுடைய தேய்ந்த செருப்பைப் பார்த்தார். இந்த வீட்டுக்கா, ஒற்றையாகவா? தன் மௌத்தை நினைத்தபோதுகூட அவர் இப்படிப் பயந்ததில்லை.

அன்றிலிருந்து கேமராவையும் திறக்கவில்லை, இன்சூரன்ஸுக்கும் பேசவில்லை. அவள் மாடிப்படி இறங்கினால் கீழே வந்து நின்றார். இருமினால் எட்டிப் பார்த்தார். அவளுக்கே எரிச்சல் வந்துவிட்டது. மறுபடி அந்த மணல் குளியல் வீடியோவை எடுத்துப் பார்த்ததுதான் அவர் செய்த மகா தப்பு. கறுப்பு மணலில் வரிசையாக முகங்கள், எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு. பக்கத்தில் மண்வெட்டியோடு ஆட்கள்.

பெட்டி கட்டிக்கொண்டிருந்தவளிடம் போய் நின்றார்.

"அந்த மணல் குளியல் மட்டும் வேணாம் தாஜ். கேன்சல் பண்ணிரலாம்."

"ஏன்? அதுக்குத்தானே போறதே."

"ஒன்ன மண்ணுக்குள்ள வச்சு மூடுறத என்னால பாக்க முடியாது."

தாஜ் கையிலிருந்த துணியை அப்படியே வைத்துவிட்டாள். கேலி செய்வாள் என்று நினைத்தார், அவள் செய்யவில்லை.

"நீங்க பாக்கணும்" என்றாள். "தலமாட்டுல ஒரு சேர் போட்டு உக்காருங்க. மௌத்தானவங்களுக்கு ஓதுற மாதிரி யாசீன் ஓத வேணாம், எங்கிட்ட ஏதாவது பேசிட்டு இருங்க. நேரமாச்சுன்னா நானே மணலத் தட்டிவிட்டு எந்திரிச்சு வருவேன். அதையும் ஒரு தடவ பாத்து வச்சுக்குங்க."

நூர் அகமது முன்பதிவை ரத்து செய்யவில்லை. ஹெல்மெட்டுகளைப் பெட்டியிலிருந்து எடுத்து, அவளுடைய முழங்கால் பட்டைகளுக்கு இடம் பண்ணினார். பிறகு மணல் குளியல்காரர்களுக்கு ஒரு மெயில் போட்டார். படுத்திருப்பவரின் தலைப்பக்கம் ஒரு நாற்காலி போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டு.