கரையில் நின்றவனின் கப்பல் மயக்கம்

கப்பலில் ஏறாமலே கடல் மயக்கம் கண்டவன் நான். அதுவும் சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் துறைமுகத்தின் சிமெண்டுத் தரையில், சலவைக்குப் போய்வந்த வெள்ளைக் கால்சட்டையோடு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசி. தலைப்பிரசவத்துக்கு மனைவியை ஊருக்கு அனுப்பாமல், ஊரையே, அதாவது மாமியாரை, சிராங்கூன் ரோட்டுக்கு வரவழைத்திருந்தோம். பேரனுக்கு ஆறு மாதம் ஆனதும் அவர் நாகப்பட்டினம் கப்பலில் திரும்பினார். வரும்போது வழியெல்லாம் வாந்தியாம். போகும்போதாவது அந்தக் கஷ்டம் வேண்டாமென்று, எங்கோ படித்ததை வைத்து ஒரு வாரம் வகுப்பெடுத்தேன்.

"அசையறதைப் பாக்காதீங்க அத்தை. தூரத்துல கடலும் வானமும் சேர்ற கோடு அசையாது. அதையே பாருங்க."

"சரிங்க மாப்ளே," என்றவர் வீட்டிலிருந்த எலுமிச்சம்பழங்களையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டார்.

கப்பல் ஊதியது. மேல்தளக் கம்பியோரம் அவர் தலை தெரிந்தது. "பேரனத் தூக்கிக் காட்டுங்க!"

கூட்டத்தை முண்டிக்கொண்டு துறையின் விளிம்புக்கே போய், பையனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தேன். என் கண்முன்னே கப்பலின் பக்கம் மட்டும்தான். வானம் இல்லை, அக்கரை இல்லை. வரிசையாக ஆணி அறைந்த கறுத்த இரும்புச் சுவர். அது சத்தமில்லாமல் விலகத் தொடங்கியது.

விலகுவது கப்பல் என்று மூளைக்குத் தெரியும். உடம்பு படிக்காதது. சுவர் நிற்கிறது, நாம்தான் பின்னால் சாய்கிறோம் என்று முடிவுகட்டி, என்னைக் காப்பாற்றும் நல்லெண்ணத்தில் முன்னால் சாய்ந்தது. முன்னால் தண்ணீர்.

குதிகால் எழும்பிவிட்டது. கீழே இரும்புக்கும் சிமெண்டுக்கும் நடுவே எண்ணெய் மிதந்த தண்ணீர் அகன்றுகொண்டே போனது. பின்வாங்கக் கூட்டம் விடவில்லை. கையை வீசிச் சமாளிக்கலாமென்றால் கையில் பிள்ளை. அவன் காற்றில் உற்சாகமாக உதைத்துக்கொண்டிருந்தான். ஒவ்வோர் உதைக்கும் நான் இன்னும் கொஞ்சம் முன்னால் போனேன்.

"என்னங்க! எங்க போறீங்க?" பின்னாலிருந்து மனைவி அலறினாள்.

"நான் போகல! தரைதான் போவுது!"

வேறு வழி தெரியாமல் கண்களை இறுக மூடினேன். தரை நின்றது. ஒரு கண்ணைத் திறந்தேன், மறுபடி புறப்பட்டது. மூடிக்கொண்டு, பிள்ளையை இறக்காமல், முழங்காலை மடித்து அங்கேயே பொத்தென்று உட்கார்ந்தேன். மனைவி அவனைப் பிடுங்கிக்கொண்டாள்.

மேலே மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிரிவு தாங்காமல் மருமகன் தரையில் சரிந்துவிட்டதாக நினைப்பு.

"அழாதீங்க மாப்ளே! அடுத்த வருசமே வந்துடறேன்!"

வீடு வந்து சேர்ந்தோம். மனைவி பையனைத் தொட்டிலில் போட்டுவிட்டு, என் கால்சட்டையின் பின்பக்கக் கறையைக் கொஞ்சநேரம் பார்த்தாள்.

"அம்மா உங்களுக்கும் ரெண்டு எலுமிச்சம்பழம் வச்சிட்டுப் போயிருக்கலாம்," என்றாள்.