சந்தன சோப்பில் குளித்த குட்டி

நான் நாள் தவறாமல் குறிப்பு எழுதுகிறவன். மழை பெய்த நாள், கிணற்றில் தண்ணீர் எத்தனை படி இறங்கியது, நூலகத்தில் எந்தப் புத்தகத்தை எடுத்து எப்போது திருப்பிக் கொடுத்தேன் என்பதெல்லாம் அதில் இருக்கும். 1997ஆம் ஆண்டின் குறிப்பேட்டில் ஒரே ஒரு பக்கம் மட்டும் முனை மடிந்திருக்கிறது. மடித்தது நானில்லை, என் அக்காவின் கணவர். எங்கள் பக்கத்து வழக்கப்படி நான் அவரை மச்சான் என்பேன், அவர் என்னை மாப்ள என்பார்.

அவர்களுக்குக் கிணத்துக்கடவுக்குக் கிழக்கே கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் காடு இருந்தது. அதில் முப்பத்தெட்டுப் பெட்டை ஆடுகளும் ஒரு கிடாயும். நான் கோவையில் பள்ளி ஆசிரியன். விடுமுறை விட்டால் துணிப்பையோடு அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன்.

செம்மறிகள் மார்கழிப் பனியில் குட்டி போட்டால் பாதி தங்காது என்பது மச்சானின் அனுபவம். ஆகவே தை பிறந்த பிறகே குட்டிகள் விழும்படி பார்த்துக்கொள்வார். அதற்கு அவர் செய்த ஏற்பாடு எளிமையானது. கிடாயின் வயிற்றுக்குக் கீழே ஒரு கோணித் துண்டை முன்தானை போலத் தொங்கவிட்டுக் கட்டிவிடுவார். கிடாய் பெட்டைகளோடு மேயும், முகர்ந்து பார்க்கும், உதட்டைச் சுழித்துக் கொண்டு நிற்கும். அதற்கு மேல் கோணி விடாது. ஆவணி பாதியில் ஒரு நல்ல நாள் பார்த்து அதை அவிழ்த்துவிடுவார். அன்றிலிருந்து நூற்றைம்பது நாளை எண்ணிக் காலண்டரில் வட்டம் போடுவது என் வேலை. அந்த ஆண்டு வட்டம் தை மாதம் மூன்றாவது வாரத்தில் விழுந்தது.

அந்த வட்டத்தை நம்பித்தான் மச்சான் மார்கழியில் சபரிமலைக்குப் போவதாகக் கார்த்திகையிலேயே மாலை போட்டார். மாலை போட்டவரை 'சாமி' என்றுதான் கூப்பிட வேண்டும், அவரும் எல்லோரையும் அப்படியே கூப்பிடுவார். இதனால் அந்த வீட்டில் சண்டை போடுவது கூட மரியாதையாக நடந்தது. நான் அரையாண்டு விடுமுறைக்குப் போய் இறங்கியபோது ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது.

"சாமி, அந்தச் சுட்டி ஆட்டைத் தையிலயும் பாத்துப்போட்டு, குட்டியைச் சேத்திக்கலீன்னா சந்தைக்கு ஓட்டிரலாங்க சாமி," என்றார் மச்சான்.

"கழுத்துல மாலையைப் போட்டுக்கிட்டு இப்படிப் பேசறீங்களே சாமி, அய்யப்பன் கேக்க மாட்டாருங்களா?" என்றாள் அக்கா.

"அய்யப்பனும் ரெண்டு வருசமாப் பாத்துக்கிட்டுத்தானுங்க இருக்கறாரு சாமி."

நெற்றியில் வெள்ளைச் சுட்டி உள்ள அந்த ஆடு அக்கா வளர்த்தது. அக்கா கல்யாணமாகி வந்த முதல் வருடம், பிறந்த அன்றே தாயை இழந்த குட்டி அது. புட்டியில் பசும்பால் ஊற்றி, சமையலறை மூலையில் சாக்கு விரித்து வளர்த்தாள். புதிய ஊரில் பேச்சுத் துணைக்கு அப்போது அது ஒன்றுதான் இருந்தது என்று என்னிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறாள். வளர்ந்த பின்னும் அது தன்னை ஆடு என்று நினைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் பட்டியை விட்டு வந்து வாசற்படியில் நிற்கும். தலையீத்தில் போட்ட முதல் குட்டியை முட்டித் தள்ளிவிட்டது. அது மூன்றாம் நாள் செத்துப்போனது. அடுத்த ஈத்துக் குட்டியை வேறொரு ஆட்டிடம் சேர்க்க வேண்டியதாயிற்று. "தாய் மொகம் பாக்காம வளந்ததுங்க, அதுக்கு எப்படித் தெரியும்?" என்பது அக்காவின் ஒரே வாதம். இந்த ஈத்துத்தான் கடைசி வாய்ப்பு என்று முடிவாகி, மச்சான் இருமுடி கட்டிக்கொண்டு வேனில் ஏறினார்.

அவர் போன மறுநாள் அக்கா என்னைப் பட்டிக்குக் கூப்பிட்டாள்.

"தம்பி, சுட்டிக்கு மடி எறங்கின மாதிரி இருக்குது. ஒரு எட்டு வந்து பாரு."

"காலண்டரைப் பாருங்கக்கா. இன்னும் ஒரு மாசம் கெடக்குது."

"ஆடு காலண்டர் பாக்குமா?"

"கிடாயை அவுத்து உட்ட நாளை நான் எழுதி வெச்சிருக்கறேன். அதுக்கு முன்னாடி எப்படிங்க வரும்?"

அக்கா என்னையும் ஆட்டின் மடியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

இரண்டாம் நாள் காலை அக்கா பால் சொசைட்டிக்குப் போயிருந்தாள். பனி இன்னும் விலகவில்லை. பட்டிக்குள் சுட்டி தனியாக ஒதுங்கி, முன்காலால் மண்ணைக் கீறி, படுத்து எழுந்துகொண்டிருந்தது. நான் காப்பி டம்ளரோடு அதைப் பார்த்தபடியே நின்றேன். டம்ளர் காலியாவதற்குள் குட்டி விழுந்துவிட்டது. கோழை மூடிய, பழுப்பு நிறமான, இரண்டு காதுகளும் ஒட்டிக்கிடந்த கிடாய்க்குட்டி.

கால்நடை வளர்ப்பு பற்றி நான் படித்திருந்த புத்தகத்தில், பிறந்த குட்டியின் மூக்கையும் வாயையும் துடைத்துவிட வேண்டும் என்று இருந்தது. அதோடு நின்றிருக்கலாம். தாய்தான் முட்டித் தள்ளப் போகிறதே, குட்டி குளிரில் விறைத்துவிடக் கூடாதே என்று பதறி, குளிப்பதற்கு விளாவி வைத்திருந்த வெந்நீரில் அதை முழுதாகக் குளிப்பாட்டினேன். கையில் கிடைத்தது மச்சான் விரதத்துக்கென்று வாங்கி வைத்திருந்த சந்தன சோப்பு. துவட்டி, என் துண்டில் சுற்றி, பெருமையோடு தாயின் முன்னால் கொண்டுபோய் விட்டேன். சுட்டி முகர்ந்தது. தும்மியது. பிறகு தலையைத் தாழ்த்திக் குட்டியை ஒரே முட்டாக முட்டி வேலியோரம் தள்ளியது.

அக்கா வெறும் பால் கேனோடு வந்து நின்றவள், முதலில் மூக்கைத்தான் உறிஞ்சினாள்.

"என்ன தம்பி இது, சந்தன வாசம் அடிக்குது?"

சொன்னேன்.

"பண்ணிப்போட்டியே! அதைப் பொண்ணு பாக்கவா கூட்டிட்டுப் போறே? வாசத்தை வெச்சுத்தானே தாய் குட்டியைக் கண்டுபுடிக்கும். அதைச் சுத்தமாக் கழுவிப்போட்டு வந்து நிக்கறயே!"

சிரித்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. வேலியோரம் நடுங்கிக்கொண்டிருந்த குட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "இனி அவரு வந்து கேட்டா நான் என்ன சொல்றது?" என்றாள். அப்போதுதான் நான் கழுவியது எதை என்று எனக்கு உறைத்தது.

சீம்பாலையாவது ஊட்டிவிட வேண்டும். நான் சுட்டியின் தலையை என் முழங்கால்களுக்கு இடையில் பிடித்துக்கொள்ள, அக்கா குட்டியை மடிக்குக் கீழே பிடித்தாள். ஆடு என் காலை மிதித்தது, இடுப்பில் இடித்தது, கண்ணாடியைத் தட்டிவிட்டது. குட்டி மட்டும் எதையும் கண்டுகொள்ளாமல் வாலை ஆட்டி ஆட்டிக் குடித்தது.

"இன்னும் கொடி உளுகல," என்றாள் அக்கா, ஆட்டின் பின்பக்கத்தைப் பார்த்து. "அது உளுந்தா ஒரு வழி இருக்குது. அதுவரைக்கும் நீ எதையும் தொடாதே. முக்கியமா சோப்பை."

காத்திருந்தோம். வெயில் ஏறி, கிளுவை வேலியின் நிழல் சுருங்கிக்கொண்டே வந்தது. நஞ்சுக்கொடி விழுந்ததும் அக்கா அதை வெறுங்கையால் எடுத்துக் குட்டியின் தலை, முதுகு, வால் எல்லாவற்றிலும் அழுந்தத் தேய்த்தாள். நான் அரைமணி நேரம் பாடுபட்டுச் சுத்தம் செய்தது அரை நிமிடத்தில் பழையபடி ஆனது. குட்டியைத் தாயின் முன்னால் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் படலுக்கு வெளியே உட்கார்ந்தோம்.

"குட்டியைச் சேத்திக்கிட்டா வாயைத் தொறக்காம தொண்டைக்குள்ளயே ஒரு சத்தம் போடும்," என்றாள் அக்கா மெதுவாக. "ரெண்டு ஈத்துலயும் இது அதைப் போட்டதே இல்லை."

சுட்டி முகர்ந்தது. ஓரடி பின்வாங்கியது. மறுபடி வந்து குட்டியின் வாலடியை முகர்ந்தது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடியில் கடிகாரப் பட்டை அழுந்தியது. ஆடு நாக்கை நீட்டி ஒருமுறை நக்கியது. பிறகு இன்னொரு முறை. அதன் பிறகு நிறுத்தவே இல்லை. நக்கிக்கொண்டே, அடைத்த தொண்டையைச் செருமுவது போன்ற தாழ்ந்த சத்தம் ஒன்றை எழுப்பியது.

"கேட்டுதா?" என்றாள் அக்கா.

"கேட்டுதுங்க."

"மணி பாத்து எழுதிக்கோ போ," என்று சொல்லிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

மச்சான் மலையிலிருந்து திரும்பி, மாலையைக் கழற்றிவிட்டு நேராகப் பட்டிக்கு வந்தார். சுட்டி நின்றுகொண்டிருக்க, குட்டி முன்காலை மடக்கிப் பால் குடித்துக்கொண்டிருந்தது. வெகுநேரம் பார்த்தார். சந்தைப் பேச்சை எடுக்கவில்லை. மாதங்களை விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். எண்ணி முடித்ததும் என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க மாப்ள, கிடாய் கோணியோடதான இருந்துச்சு?"

நான் குறிப்பேட்டைக் கொண்டுவந்து பின்னோக்கிப் புரட்டினேன். ஆடிப்பெருக்கு நாளின் பக்கத்தில், என் கையெழுத்தில், நான் மறந்தே போன ஒரு வரி இருந்தது: 'ஆடுகளைக் குட்டையில் குளிப்பாட்டினோம். கிடாயின் கோணியை அவிழ்த்துத் துவைத்து வேலியில் காயப்போட்டேன். மாலைக்குள் காய்ந்துவிட்டது.'

மச்சான் அதை இரண்டு முறை படித்தார்.

"கோணி காயறதுக்குள்ள அவன் வேலையை முடிச்சுப்போட்டான்," என்றார். "நீங்க அதையும் எழுதி வெச்சிருக்கறீங்க. ஆனாப் படிக்கல."

அந்தப் பக்கத்தின் முனையை மடித்து என்னிடம் நீட்டினார்.

"மடிச்சபடியே இருக்கட்டும். அடுத்த வருசம் கோணியை யாரு துவைக்கறதுன்னு கேட்டா இதைக் காட்டலாம். அப்பறம் அந்தச் சுட்டி பேருக்கு நேரா 'சந்தைக்கு இல்ல, பட்டியிலயே நிக்குது'ன்னு எழுதிருங்க."

அக்கா அன்று மத்தியானம் சோறு போட்டபோது எனக்கும் மச்சானுக்கும் வைக்கும் முன்பே வாசற்படிக்கு ஒரு கைச் சோறு கொண்டுபோனாள். சுட்டி அங்கே வந்து நின்றிருந்தது. இந்தத் தடவை அதன் பின்னால் குட்டியும் இருந்தது.