அன்னம்மா அக்கா விடாத கயிறு

அலவாங்கால், அந்தக் கனத்த இரும்புக் கடப்பாரையால், என் வலது கையை அடித்து முறித்தவனை எனக்கு நன்றாகத் தெரியும். பெயர் ரஞ்சன். அவன் வீட்டுப் பசு கன்று போட முடியாமல் கிடந்தபோது, அதே கையை உள்ளே விட்டுக் கன்றை இழுத்தெடுத்தவள் நான். கோயிலில் இருக்கும் அம்மாளை நம்பி வாழும் உங்களுக்கு இதைச் சொல்லாமல் விட்டால் நான் நன்றி கெட்டவள்.

நான் நாரந்தனையில் பிறந்தவள். இருபது வருடத்துக்கு மேலாக யாழ்ப்பாணத்துத் தீவுகளில் கால்நடைப் போதனாசிரியர் வேலை. கடைசி ஏழு வருடம் நெடுந்தீவில். என்ன தீவனம், எப்போது தடுப்பூசி, எப்போது சினைப்படுத்துவது என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லுவேன். எனக்கு ‘மாட்டு மிஸ்’ என்றே பெயர்.

அந்த வைகாசியில் மாடுகள் களவு போகத் தொடங்கின. பனைகள் அடர்ந்த பனங்கூடலுக்குள் தலையும் குடலும் மட்டும் கிடக்கும். ஒரு நாள் சினைப்பசு ஒன்றை வெட்டியிருந்தார்கள். பிறக்காத கன்று மணலில் ஈ மொய்த்துக் கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் என்னால் சாப்பிட முடியவில்லை.

ஒரு மத்தியானம் ஸ்கூட்டியில் வரும்போது, கல்வேலிக்குப் பின்னால் மாடு அலறும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். ரஞ்சனும் இன்னொருவனும் நான்கு மாடுகளைக் கட்டி வைத்து, அடையாளம் தெரியாதிருக்க, இலக்கத் தகடு மாட்டிய காதுகளை அறுத்துக்கொண்டிருந்தார்கள். அதில் நெற்றி வெள்ளைப் பசு அன்னம்மா அக்காவுடையது.

அன்னம்மா அக்கா வேதக்காரி, மாதாவைக் கும்பிடுபவர், விதவை. நான் ஊசி போட்ட மறுநாள் அவருடைய பசு ஒன்று செத்தது. காரணம் வேறு நோய். அவர் நம்பவில்லை. “இனி என்ரை வாசல் படலை மிதிக்காதையும்” என்றார். இரண்டு வருடம் எங்களுக்குள் பேச்சில்லை.

அந்தக் கல்வேலியிலிருந்து பேசாமல் திரும்பியிருக்கலாம். கோபம் விடவில்லை.

“ரஞ்சன், அது அன்னம்மாக்கான்ரை மாடு!”

“நீங்கள் ஒண்டும் காணேல்லை மிஸ். போங்கோ.”

“நான் கண்டனான். பொலிசிலை சொல்லுவன்.”

அடுத்த கணம் அலவாங்கு விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் என் காதிலேயே கேட்டது. மற்றவன் தோளில் கத்தியால் வெட்டினான். தலைமயிரில் பிடித்து இழுத்துப்போய், பக்கத்துப் பாழ்கிணற்றுக்குள் தள்ளினார்கள். மேலிருந்து கல்லும் எறிந்தார்கள். ஒரு கல் மண்டையை உடைத்தது. கிணற்றில் நெஞ்சளவு தண்ணீர். என் இரத்தத்தில் அது நிறம் மாறியது.

பிறகு கிணற்றைத் தாண்டி மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். கத்தினேன். ஒருவரும் வரவில்லை. முதலில் அவர்களைச் சபித்தேன். பிறகு சபிக்கவும் பலமில்லை. “அம்மாளாச்சி, என்ரை இரண்டு பிள்ளையளையும் நினை. ஆரையாவது அனுப்பு தாயே” என்றே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. மேலே ஒரு குரல் மாட்டைக் கூப்பிட்டது. அன்னம்மா அக்கா! மாட்டுக் காதிலிருந்து சொட்டிய இரத்தத்தைப் பார்த்துப் பார்த்தே வந்திருக்கிறார்.

“அக்கா, நான் மாட்டு மிஸ். கிணத்துக்கை கிடக்கிறன்.”

காலடிச் சத்தம் விலகிப் போனது. போய்விட்டார் என்று நினைத்தேன்.

“மாதாவே! கயிறு போடுறன். இடுப்பிலை கட்டும்.”

இடது கையாலும் பல்லாலும் முடிச்சுப் போட்டேன். அவர் கயிற்றைப் பனையில் சுற்றி இழுத்தார். நான் கல்லிடுக்குகளில் கால் வைத்து ஏறினேன். பாதி தூரத்தில், விட்ட ஸ்கூட்டியை எடுக்க ரஞ்சன் கத்தியோடு திரும்பி வந்தான்.

“கயித்தை விடடி!”

“வெட்டடா. விடமாட்டன்.”

வெட்டினான். அவருடைய அலறல் கேட்டது. கயிறு ஒரு முழம் சறுக்கி, நின்றுவிட்டது. அலறலைக் கேட்டுத் தோட்டங்களில் நின்றவர்கள் ஓடிவந்தார்கள். அவன் ஓடினான். இறங்குதுறையில் பிடித்தார்கள். நான் மேலே வந்தபோது அன்னம்மா அக்காவின் இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை. மற்றக் கை கயிற்றைப் பிடித்தபடியே இருந்தது.

இரண்டு பேரையும் ஒரே படகில் யாழ்ப்பாணம் கொண்டுபோனார்கள். பக்கத்துப் பக்கத்துக் கட்டில்.

“ஏன் அக்கா விடேல்லை?” என்று கேட்டேன்.

“விட்டா நீர் செத்துப்போவீர். வேறென்ன யோசிக்கிறது?”

அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதேன். நான் அம்மாளைக் கூப்பிட்டேன். அம்மாள் மாதாவின் பிள்ளையை அனுப்பினாள். வேலையை விடச் சொல்லி வீட்டில் கெஞ்சினார்கள். விடவில்லை. முன்பு எனக்கிருந்த வாய்த்திமிரும் மனவன்மமும் இப்போது குறைந்துவிட்டன. கோபித்துப் பேச்சை விட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் நானே போய்க் கதைத்தேன்.

கூப்பிடுங்கள். பலமில்லாத குரலும் அவளுக்குக் கேட்கும். ஆனால் அவள் யாரை அனுப்புவாள் என்று மட்டும் நீங்கள் தீர்மானிக்காதீர்கள்.