பொத்திய கையோடு கொக்குவிலுக்கு

1992 ஆவணியில் குருநகரிலிருந்து கொக்குவிலுக்குப் போய்வந்த கதை இது. போக ஐந்தரைக் கிலோமீற்றர், வர ஐந்தரைக் கிலோமீற்றர். இதையும் ஒரு பயணமென்று எழுத வந்துவிட்டாளே என்று சிரிக்காதீர்கள். மூட்டுவாதக்காரியாகச் சைக்கிள் கரியரில் குந்திப் பார்த்தால்தான் அது எவ்வளவு தூரமென்று தெரியும்.

எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. விடிய எழும்பினால் மணிக்கட்டும் விரல்களும் வீங்கிக் கிடக்கும். கோப்பையைத் தூக்கினால் கோப்பை நிலத்தில். அந்த நேரம் பார்த்துத் தங்கச்சி றீட்டாவுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. என்னைத்தான் ஞானத்தாயாகக் கேட்டாள். எங்கள் வழக்கப்படி ஞானஸ்நானத்தன்று ஞானத்தாய்தான் பிள்ளையை ஏந்தி நிற்கவேண்டும். அதற்கு மூன்று கிழமைதான் இருந்தது. கோப்பையைப் போடுகிறவள் பிள்ளையையும் போட்டுவிட்டால்? "வேறை ஆரையும் கேள்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து அழுதேன்.

கொக்குவிலில் ஓய்வுபெற்ற தாதி ஒருவர் மூட்டு நோக்காரருக்குத் தியானம் பழக்குகிறார் என்று எனக்கு மருந்து தந்த டொக்டர்தான் சொன்னார். "குளிசையை விடாதேங்கோ. அதோடை சேத்து இதையும் செய்து பாருங்கோ" என்றார்.

சனிக்கிழமை காலை ஒன்பதேகாலுக்குப் புறப்பட்டோம். பொருளாதாரத் தடையால் பெற்றோல் கண்ணில் படாத யுத்த காலம். எங்கள் வாகனம் என் கணவரின் பழைய சைக்கிள்தான்.

"என்னப்பா, நோகுதோ?" என்று வீதியில் சில்லு விழுந்த ஒவ்வொரு கிடங்குக்கும் கேட்டார்.

"கிடங்கைப் பாத்து ஓடினா நோகாது. கதைச்சுக்கொண்டு ஓடினா நோகும்."

பஸ் நிலையத்தடியில் இரண்டு பிளேன்டீ, கடிக்கப் பனங்கட்டி, ஆறு ரூபாய். பிறகு காங்கேசன்துறை வீதியால் நேரே நான்கு கிலோமீற்றர். கொக்குவில் ஸ்ரேஷன் இருந்தது, தண்டவாளம் பதுங்குகுழிப் பங்கர் கட்டப் போய்விட்டது. பத்து ஐந்துக்குத் தாதியின் வீட்டு வாசலில் இறங்கினோம்.

முன்சுவரில் பெரிய பிள்ளையார் படம். எனக்குப் பக்கென்றது. தியானம் எங்கள் வேதத்துக்கு அடுக்குமோ என்று பங்குச் சுவாமியாரைக் கேட்காமல் வந்துவிட்டேன். செபமாலையை எடுத்து வலது கைக்குள் பொத்திக்கொண்டு உள்ளே போனேன்.

அந்தத் தாதியை எல்லோரும் மிஸி என்றார்கள். அறுபது வயதிருக்கும், அவருக்கும் முழங்காலில் வாதம். எட்டுப் பேர் கதிரைகளில் இருந்தோம். கண்ணை மூடி, கைகளை மடியில் மலர்த்தி வைத்து, மூச்சு வருவதையும் போவதையும் பார்க்கச் சொன்னார். நான் மூச்சை எங்கே பார்த்தேன்? பொத்திய கை விண் விண்ணென்று குத்தியது. பத்து நிமிடம் போயிருக்கும்.

"தங்கச்சி, உந்தக் கையுக்கை என்ன?"

எல்லோரும் கண்ணைத் திறந்துவிட்டார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"செபமாலை, மிஸி. இது எங்கடை சமயத்துக்குச் சரியோ எண்டு தெரியேல்லை. காவலுக்குக் கொண்டந்தனான்."

"காவலுக்கு வந்தவரை ஏன் உந்த நசி நசிக்கிறியள்? கொஞ்சம் மூச்சு விடட்டும், விடுங்கோ!"

வீடே சிரித்தது. என் கணவர் வாசலில் நின்று எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரித்தார். மிஸி பக்கத்தில் வந்து என் விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, செபமாலையை உள்ளங்கையிலேயே வைத்தார்.

"நோவு வந்தா வரட்டும். வரப்போகுதெண்டு நீங்கள் இறுக்கிக்கொண்டு இருந்தா, நோவு ஒண்டு, இறுக்கம் ஒண்டு, ரெண்டு வருத்தம்" என்றார்.

அப்போதுதான் கவனித்தேன். கை மட்டுமா? தோள் காதடியில் நிற்கிறது, பல்லைக் கடித்தபடி இருக்கிறேன். எத்தனை வருடமாக இப்படியோ! மூச்சோடு மூச்சாக ஒவ்வொன்றையும் தளர்த்தினேன். நோ போகவில்லை, ஆனால் நோவைச் சுற்றியிருந்த பயம் கொஞ்சம் விலகியது. அந்தச் சந்தோசத்தை எப்படிச் சொல்ல!

திரும்பும் வழியில் சைக்கிளை றீட்டா வீட்டுக்கு விடச் சொன்னேன்.

"வேறை ஆரையும் கேட்டிட்டியோ?"

"நான் ஏன் கேக்கிறன்? நீ வருவாயெண்டு தெரியும்."

ஒவ்வொரு நாளும் இருபது நிமிடம் தியானத்தில் இருந்தேன். இன்னும் இரண்டு சனிக்கிழமை கொக்குவிலுக்குப் போனோம். வீட்டில் தலையணையை முன்கைகளில் தாங்கி, விரல்களை இறுக்காமல் நடந்து பழகினேன். பார்த்த அயலவர் என்ன நினைத்தார்களோ, கர்த்தருக்குத்தான் வெளிச்சம்.

இப்படியான வகுப்புத் தேடிப் போகிறவர்களுக்கு: விடியக்காலை வகுப்பு வேண்டாம், மூட்டு இளக நேரம் வேண்டும், பத்து மணிக்குப் பிறகு பாருங்கள். நிலத்தில் சம்மணம் கட்டச் சொன்னால் வெட்கப்படாமல் கதிரை கேளுங்கள். மருந்தை நிறுத்து என்கிறவர் வீட்டில் தண்ணீரும் குடிக்காதீர்கள். இப்போது காங்கேசன்துறை வீதியில் பஸ் ஓடுகிறது, ஆகவே கரியரில் குந்தும் பாக்கியம் உங்களுக்கில்லை.

ஞானஸ்நானத்தன்று பிள்ளை என் முன்கைகளில் கிடந்தாள். தலையில் தண்ணீர் பட்டதும் கோயில் அதிரக் கத்தி, துள்ளி உதைத்தாள். மணிக்கட்டில் சுரீரென்றது. மூச்சை விட்டேன், தோளை இறக்கினேன், பிள்ளையை நெஞ்சோடு சாய்த்துக்கொண்டேன்.

றீட்டா பதறிப்போய்க் காதுக்குள் கேட்டாள்: "அக்கா, நோகுதோ? பிள்ளையைத் தா."

"நோகுதுதான்" என்றேன். "தரமாட்டன்."